உப்பளத்தின் மேல் கேட்ட என் குரல்

ஜின், பேய், செய்வினை என்று யாராவது தொடங்கினால் பாத்திரம் கழுவ எழும்பிப் போகிறவள் நான். விமானம் ஓட்டப் படித்தவள், காற்றையும் எரிபொருளையும் கணக்குப் பார்த்தே வயிறு வளர்க்கிறவள். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் பயத்தைவிட வெட்கம்தான் என்னைத் தின்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

கொழும்பிலிருந்து சுற்றுலாக்காரரை ஏற்றிச் செல்லும் சின்ன விமானம் ஒன்றில் நான் துணை விமானி. கப்டன் சிவநாதன் முன்னேஸ்வரத்துக்காரர், என் வாப்பாவின் வயது. பாலாவியிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பக்கத்தில் இருத்தி ஓட்ட மற்றவர்கள் முகம் சுளித்தபோது, "என்னோட வரட்டும்" என்று சொன்னவர் அவர்தான். நல்ல மனிதர், கோபம் மட்டும் மூக்கு நுனியில். முன்பு துணை விமானியாக இருந்த ஒரு பெடியன் அவருடைய பிழையைப் பயணிகளுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டான். "நீ ஓட்டுறியா, நான் ஓட்டவா?" என்று கேட்டவர், அதன்பிறகு அவனோடு பறக்கவேயில்லை. அந்த விமானத்தில் எங்களுக்கும் பயணிகளுக்கும் நடுவில் கதவு கிடையாது, ஆகவே நாங்கள் எல்லோருமே "ஓம் சேர்" கூட்டம்தான். பிழையைக் கண்டாலும் "சேர்..." என்று இழுத்து, மிச்சத்தை அவராகவே விளங்கிக்கொள்ளட்டும் என்று நிறுத்திவிடுவோம். அதை மரியாதை என்று நினைத்திருந்தோம்.

அன்று கற்பிட்டிக்குப் போகும் நாலு வெள்ளைக்கார இளைஞர்களோடு பாலாவிப் பக்கம் இறங்கப் போனோம். மழை விட்ட பின்னேரம், கடல்நீர்க் களப்புக்கு மேல் சாய்ந்த வெயில் கண்ணைக் கூசவைத்தது, கீழே நனைந்ததெல்லாம் மின்னியது. கப்டன் ஒரு நேரான பளபளப்பைக் குறிவைத்து இறங்கத் தொடங்கினார். நான் பிறந்து வளர்ந்த ஊர், எனக்குத் தெரியாதா? அது ஓடுபாதை இல்லை, உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகிற மண்பாதை. உண்மையான ஓடுபாதை வலப்பக்கம் தள்ளி மங்கலாகக் கிடந்தது.

"சேர்..." என்றேன்.

"என்ன?"

பின்னால் பயணிகள் சிரித்துச் சிரித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்டுமில்ல சேர்."

அவருக்குத் தெரியாமலா இருக்கும், இப்போது திருப்புவார் என்று நினைத்தேன். அவர் திருப்பவில்லை. பேசாமலிருக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வாய் நிறைய எடுத்துக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள், ஆறு உயிர் போகப்போகிற நேரத்தில் வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல அந்தத் தண்ணீரை விழுங்காமல் வைத்துக்கொண்டு இருந்தேன். உப்புக் குவியல்களை மூடியிருந்த கிடுகுகள் ஓலை ஓலையாகத் தெரியத் தொடங்கின.

அப்போதுதான் ஹெட்செட்டில் குரல் கேட்டது.

"சிவநாதன்! அது உப்பளம்! மேல எடு!"

என்னுடைய குரல். எங்கள் வீட்டில் தம்பியை ஏசுகிற அதே குரல். விமானத்தில் வேறு பெண் இல்லை, என் வாயில் தண்ணீர் அப்படியே இருக்கிறது. கப்டன் திடுக்கிட்டு இயந்திரத்தை முழுவேகத்துக்குத் தள்ளி மூக்கைத் தூக்கினார், சக்கரம் கிடுகில் படாமல் போனது அல்லாஹ்வின் காவல். ஒரு சுற்றுச் சுற்றி வந்து சரியான பாதையில் இறங்கினோம்.

பயணிகள் போன பிறகும் அவர் எழும்பவில்லை.

"நீ கத்தாட்டி இண்டைக்கு நாங்க எல்லாரும் உப்புக்குள்ள, பிள்ளை" என்றார். பிறகு, "பேர் சொல்லிக் கூப்பிட்டது நல்லம். இல்லாட்டி நான் கேட்டிருக்க மாட்டன்."

நான் இல்லை சேர் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன்.

உம்மாவிடம் மட்டும் சொன்னேன். "நீதான் கத்தீருப்பாய் மகள், பயத்துல ஒனக்கு நெனவில்ல" என்றார். அப்போ வாயில் இருந்த தண்ணீர் என்று கேட்டேன். உம்மா ஓதத் தொடங்கிவிட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கப்டன் எல்லா விமானிகளையும் கூட்டிவைத்துத் தன் பிழையைத் தானே சொன்னார். அந்த வீம்பு பிடித்த மனிதர் தலைகுனிந்து நின்று, "இனி என்ர பிழையக் கண்டா இவளப் போலக் கத்துங்க, கப்டனெண்டு பாக்காதீங்க" என்றார். கைதட்டினார்கள். நான் எழும்பி நின்று சிரித்தேன். இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு என் கதையைத்தான் பாடமாகச் சொல்கிறார்கள், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருக்கும்.

போன மாதம் வண்ணாத்திவில்லுப் பெடியன் ஒருவன், புதிய துணை விமானி, என்னைத் தேடி வந்தான். வேறொரு கப்டனோடு யாழ்ப்பாணம் போகும்போது முன்னால் கருமேகம் திரண்டதைக் கண்டும் சொல்லப் பயந்து இருந்தானாம்.

"நல்ல காலம் அக்கா, நீங்க ரேடியோவில சொன்னீங்க. கப்டன் உடன திருப்பிட்டார்."

அன்று முழுக்க நான் பாலாவியில் காய்ச்சலோடு போர்வைக்குள் கிடந்தேன். அதை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவன் நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டவன், கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"ஏனக்கா அண்டைக்கு அழுதழுது சொன்னீங்க?" என்று கேட்டான்.