கணப்புக்குத் தண்ணி காட்டியவர்

பங்குனி வெயிலில், அதுவும் திருச்சியில், ஒருவர் வீட்டுக்குள்ளே குளிர்காயக் கணப்பு கட்டுகிறார் என்றால் தெரு சிரிக்காமல் என்ன செய்யும்? ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் எல்லோரும் சிரித்தார்கள். கொத்தனார் தர்மராஜ் வீட்டு வாசலில் செங்கல் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "என்ன மேஸ்திரி, ஸ்ரீரங்கத்துல பனி கொட்டப் போவுதா?" என்று வண்டியை நிறுத்திக் கேட்டவர்களும் உண்டு. காரணம் தெரிந்ததும் கேட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். தர்மராஜின் மனைவி ஆனந்தவள்ளிக்குக் குளிர்ந்தது. அவ்வளவுதான் காரணம்.

வெளியே தார் உருகி செருப்பில் ஒட்டும். உள்ளே அவள் இரண்டு போர்வைக்கு அடியில் பல் கிட்டிக் கிடப்பாள். ஃபேன் போட்டு மாதக்கணக்காகிவிட்டது. வயிற்றில் கட்டி, ஐந்து மாதம் வைத்தியம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிரியப்பட்டதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம், மிஞ்சினால் ஒரு மாதம் என்று டாக்டர் தனியாக அழைத்துச் சொன்னதை தர்மராஜ் மகள் ஜோதியிடம் மட்டும் சொன்னார். ஆனந்தவள்ளியிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் தண்ணி தெளித்துவிட்ட மாதிரி வந்து பார்த்து, ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள்.

"வேற ஒண்ணும் வேணாங்க," என்றாள் அவள் ஒருநாள். "எங்கூர்ல கணப்பு இருக்கும்ல, அது மாதிரி நெருப்புக்கு முன்னாடி ஒரு நாள் படுத்துக் கிடக்கணும். எலும்புக்குள்ள குளிருது."

எங்கூர் என்றால் பச்சைமலை. வீட்டு நடுவில் குழி வெட்டி மார்கழி முழுக்க நெருப்பு போட்டு வைப்பார்கள். அதைச் சுற்றித்தான் படுக்கை. பதினேழு வயதில் சித்தியோடு மலையை விட்டு இறங்கி, கட்டட வேலைக்கு வந்தவள் அவள். தில்லைநகரில் ஒரு மாடி வீட்டு வேலையில் தர்மராஜ் கரணை பிடித்த கொத்தனார். அவள் அவருக்குச் சித்தாள். தலையில் ஒன்பது செங்கல் சுமந்து சாரம் ஏறுவாள். ஏறி நின்றுகொண்டு, "சுவரு எந்தப் பக்கம் போவுது, சமயபுரத்துக்கா?" என்பாள். அவர் தூக்குக்குண்டைப் போட்டுப் பார்ப்பார். சுவர் நூல் பிடித்த மாதிரிதான் இருக்கும். அவர் போட்டுப் பார்க்கிறாரே, அதில்தான் அவளுக்குச் சந்தோஷம். கல்யாணத்துக்குப் பிறகும் இருபத்தாறு வருஷம் அவர் கட்டிய சுவருக்கெல்லாம் கல் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

தண்ணீர் ஊற்றியவளும் அவளே. புதிதாய்க் கட்டிய சுவரைக் காலையும் மாலையும் நனைத்தால்தான் சிமெண்ட் இறுகும். மற்றவர்கள் அதைத் தண்ணி அடிக்கிறது என்பார்கள், கொஞ்சம் படித்தவர்கள் க்யூரிங் என்பார்கள். தர்மராஜ் மட்டும் மாட்டுக்குச் சொல்வதுபோல, "சுவத்துக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்பார். ஏமாற்றி அலைக்கழிப்பதற்கும் ஊரில் அதே பேச்சுத்தானே. முதல் நாளே அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். "சுவத்துக்குக் காட்டியாச்சு, இன்னும் யாருக்குக் காட்டணும்?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டாளாம். அந்தக் கேள்விக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று அவர் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

கணப்பு கட்டுவது சும்மா நாலு செங்கலை அடுக்கும் விஷயமில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் கொடைக்கானலில் ஒரு பங்களாவுக்கு அவர் ஒன்று கட்டியிருந்தார். பின்சுவர் பாதி உயரத்துக்கு மேல் முன்னால் சாய வேண்டும், அப்போதுதான் அனல் அறைக்குள் திரும்பும். மேலே கழுத்து குறுக வேண்டும், அப்போதுதான் புகை உள்ளே வராமல் குழாய்க்குள் ஏறும். எல்லாம் சரியாகத்தான் செய்தார். அந்த வீட்டுக்காரர் பொறுக்காமல் ஐந்தாம் நாளே கட்டை போட்டுக் கொளுத்தினார். பின்சுவர் படீரென்று மேலிருந்து கீழ்வரை பிளந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு கணக்கு: ஏழு நாள் தண்ணீர், பதினாலு நாள் உலரல், இருபத்தோராம் நாள் நெருப்பு.

ஜோதியின் பழைய காலேஜ் நோட்டில் படம் போட்டு ஆனந்தவள்ளியிடம் காட்டினார். அவள் படுத்தபடியே பார்த்தாள்.

"இவ்ளோ பெரிசா எதுக்கு? கல்யாணச் சமையலா பண்ணப் போறோம்? ரெண்டு பேரு முன்னாடி இருந்தா போதும்."

"சரி, சின்னதாக்கிடுறேன்."

"நெருப்பு தரையில இருந்தா எனக்குத் தெரியாதே. நான் எங்க எந்திரிச்சு உக்காரப் போறேன்?"

அவர் டேப்பை எடுத்துக் கட்டிலின் உயரத்தை அளந்தார். பதினெட்டு அங்குலம். அடுப்புத் தளத்தையும் தரையிலிருந்து பதினெட்டு அங்குலம் தூக்கினார். ஒருக்களித்துப் படுத்தால் நெருப்பு நேராக முகத்துக்கு எதிரே தெரியும். எந்தப் பங்களாவிலும் இப்படி ஒரு கணப்பு இருக்காது. காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு பழைய பேக்கரியை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அடுப்பிலிருந்த நெருப்பு தாங்கும் செங்கலைக் கேட்டு வாங்கி வந்து உட்பக்கம் வைத்தார். அதைக் கழுவ நனைத்தபோது வீடு முழுக்க பன் வாசனை அடித்தது. "பசிக்குதுங்க," என்றாள் ஆனந்தவள்ளி. மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்காதவள் அப்படிச் சொன்னதும் அவர் கரணையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் பன் வாங்கி வந்தார். பாலில் நனைத்து இரண்டு வாய் சாப்பிட்டாள்.

ஆறு நாளில் வேலை முடிந்தது. சித்தாள் இல்லாமல் அவரே கலவை குழைத்து, அவரே கல் எடுத்து, அவரே பூசினார். புகைக்குழாயைச் சந்துப் பக்கத்துச் சுவர் ஓரமாக மேலே ஏற்றி, மொட்டை மாடிக்கு மேல் மூன்றடி நிறுத்தினார். அவள் கட்டிலிலிருந்து, "எந்தப் பக்கம் போவுது?" என்று ஒரு தடவை கேட்டாள். அவர் தூக்குக்குண்டை எடுத்துப் போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஏழு நாள் தண்ணீர் காட்டினார். எட்டாம் நாள் காலையும் வாளியோடு வந்து நின்றார்.

"ஏழு நாள் ஆயிடுச்சே," என்றாள் அவள்.

"இது கணப்பு வள்ளி. வீட்டுச் சுவரு மாதிரி இல்ல. பத்து நாள் காட்டணும்."

பத்தாம் நாள், பன்னிரண்டு என்றார். பன்னிரண்டாம் நாள், வெயில் அதிகமாக இருக்கிறது, சுவர் சீக்கிரம் இழுத்துக்கொள்கிறது, இன்னும் இரண்டு நாள் என்றார். நாற்பது வருஷம் கறாராக வேலை பார்த்த மனிதர், ஈரம் எப்போது போதும் என்று விரல் நுனியால் தொட்டே சொல்லக்கூடியவர், இப்படிப் புளுகினார்.

ஏன் என்று சொல்லிவிடலாம். பொன்மலையில் ரிட்டயர் ஆன ஒரு ரயில்வே கார்டுக்கு அவர் வீடு கட்டிக் கொடுத்திருந்தார். அந்த மனிதர் படுத்த படுக்கையாக இருந்தும் வீடு முடிகிற வரை எட்டு மாதம் தாக்குப்பிடித்தார். "கதவு போட்டாச்சா, டைல்ஸ் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே கிடந்தார். பால் காய்ச்சிய மறுநாள் காலை போய்விட்டார். அது தர்மராஜின் மனதில் தைத்துப்போயிருந்தது. வேலை பாக்கி இருக்கிற வரைக்கும் ஆள் போகாது, முடித்துவிட்டால் போய்விடும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஜோதி திட்டுவாள். கணப்பைப் பற்ற வைத்தால் ஆனந்தவள்ளியின் ஆசை தீர்ந்துவிடும். ஆசை தீர்ந்தால் அவளைப் பிடித்து வைக்க இந்த வீட்டில் வேறு என்ன இருக்கிறது? அதனால் தண்ணீர் காட்டினார். எமனுக்குத்தான் காட்டுவதாக அவருக்கு நினைப்பு.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கூட்டியில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகும் நர்ஸ் ஹஃப்ஸா, ஒரு தடவை வாசலில் அவரை நிறுத்தினாள். "அண்ணே, நெருப்பு நெருப்புன்னு கேக்குறாங்களே. சீக்கிரம் பண்ணிக் குடுத்துடுங்கண்ணே. நாள் தள்ளாதீங்க."

"சுவரு காயணும்மா. வெடிச்சிடும்," என்றார்.

"வெடிச்சா வெடிச்சிட்டுப் போகட்டுமேண்ணே," என்றாள் ஹஃப்ஸா. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேலை தெரியாதவர்கள் பேசும் பேச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

பதினான்காம் நாள் அவர் வாளியை வைத்ததும் ஆனந்தவள்ளி கண்ணைத் திறந்தாள். இருபத்தாறு வருஷம் எத்தனை நாள் தண்ணீர் என்று அவருக்கே ஞாபகப்படுத்தியவள். அவளிடம் போய் இந்தக் கணக்கு செல்லுமா?

"ஏங்க."

"சொல்லு."

"எனக்கேவா தண்ணி காட்டுறீங்க?"

அவர் மக்கை வாளிக்குள் போட்டார். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்க வெகுநேரமாயிற்று. அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். எலும்புதான் கையில் பட்டது. அதற்குப் பிறகு அவள் நெருப்பைப் பற்றிக் கேட்கவில்லை, பதினெட்டாம் நாள் வரை.

அன்று காலை குரல் தெளிவாக இருந்தது. "இன்னைக்குப் பத்த வைங்களேன்," என்றாள்.

"ஈரமா இருக்கு வள்ளி. இன்னும் ரெண்டே நாள்."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க," என்றாள்.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஜோதி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். லீவு போட்டுவிட்டு அடுக்களையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். தர்மராஜ் கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று, சுவரில் மக் மக்காகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டேதான் விட்டார். கொடைக்கானல் கதை. ஏற்கெனவே நூறு தடவை சொன்னதுதான். "படார்னு ஒரு சத்தம் பாரு, அந்த வீட்டுக்காரம்மா வாசல் வரைக்கும் ஓடிட்டாங்க," என்றார். இந்த இடத்தில் அவள் எப்போதும், "நீங்க அதுக்கு முன்னாடியே ஓடியிருப்பீங்களே?" என்பாள். சொல்லவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்து, சத்தம் வராமல் இன்னும் நான்கு மக் தண்ணீரைச் சுவரோடு சரிய விட்டார். வாளி காலியானதும்தான் திரும்பிப் பார்த்தார்.

அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் கணப்பைப் பார்த்து இருந்தது.

கொள்ளிடக் கரையில் தர்மராஜே கொள்ளி வைத்தார். ஆண்பிள்ளை இல்லை. வீட்டில் கேட்டபோது கொடுக்காத நெருப்பை அங்கே கொடுக்கிறோமே என்று நினைத்ததும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை வாளியோடு வந்து நின்றார். ஜோதி பார்த்தாள். மாலையும் தண்ணீர் காட்டினார். காரியம் முடிகிற வரை பதினாறு நாளும் காட்டினார். வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கு எதற்கு என்று அவரைக் கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது.

எல்லோரும் ஊருக்குப் போன பிறகு ஒரு மத்தியானம் ஜோதி அவரைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க வந்து பாருங்க."

கணப்பின் உட்சுவரில், சாய்ந்த பின்சுவர் தளத்தைத் தொடும் இடத்தில், பச்சையாகப் படர்ந்திருந்தது. பாசி. கிணற்றுச் சுவரில் பிடிக்கிற பாசி, நெருப்பு எரிய வேண்டிய இடத்தில் பிடித்திருந்தது.

தர்மராஜ் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அம்மாவுக்குத் தெரியும்ப்பா," என்றாள் ஜோதி. "நான் ஒருநாள் உங்ககிட்ட சண்டை போடறேன்னு கிளம்புனேன். அம்மாதான் விடல. 'உங்கப்பாவுக்குப் பயம். பத்த வெச்சா நான் போயிடுவேன்னு பயம். அவரா பத்த வைக்கட்டும், நீ கேக்காதே'ன்னு சொன்னுச்சு."

அவர் வாளியைக் கொல்லையில் கவிழ்த்தார். மாடிப்படிக்கு அடியில் என்றைக்கோ வாங்கி அடுக்கியிருந்த சவுக்குக் கட்டையை எடுத்து வந்தார். பாசியைத் துடைக்கக்கூட இல்லை. பச்சை ஈரத்தோடு இருந்த தளத்தில் கட்டையை அடுக்கி, காய்ந்த தென்னம்பாளையைச் செருகிப் பற்ற வைத்தார்.

"அப்பா, வெடிச்சிடாதா?" என்றாள் ஜோதி.

"வெடிக்கட்டும்."

வெடிக்க வேண்டும் என்றுதான் அவர் நின்றார். சுவர் சீறியது, ஆவி எழுந்தது, பன் வாசனை வந்தது. பிறகு நெருப்பு நிதானமாகப் பிடித்துக்கொண்டது. ஒரு இழை புகை அறைக்குள் வரவில்லை. அத்தனையும் கழுத்து வழியே மேலே ஏறிச் சந்துப் பக்கம் போனது. அனல், பதினெட்டு அங்குல உயரத்தில் இருந்த காலிக் கட்டிலில் நேராகப் போய் விழுந்தது. சித்திரை மாதத்து மத்தியானம். சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. அவர் நகரவில்லை.

கட்டை எரிந்து தணல் ஆறியதும், கை பொறுக்கும் சூட்டுக்காகக் காத்திருந்து, தலையை உள்ளே நுழைத்துப் பின்சுவரைத் தடவிப் பார்த்தார். மேலிருந்து கீழாக ஒருதரம், இடமிருந்து வலமாக ஒருதரம். ஒவ்வொரு செங்கலாக, ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார்.

"என்னப்பா தேடறீங்க?"

"கீறல்மா."

"இருக்கா?"

முகமெல்லாம் கரியாக அவர் வெளியே வந்தார். முப்பது வருஷமாக நம்பிய கணக்கு ஒரே ஒரு கீறலாவது காட்டியிருந்தால், காத்திருந்தது சரிதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டிருப்பார்.

"ஒண்ணுகூட இல்லம்மா," என்றார். "இவ்ளோ ஈரத்துலயும் நல்லாத்தான் நிக்குது. அவ கேட்ட அன்னைக்கே பத்த வெச்சிருக்கலாம்."

சொல்லிவிட்டுக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மகள் முன்னால் முதல்முறையாக அழுதார்.