முனி போகும் வழி

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களில் செல்லாத்தாளுடையதும் ஒன்று. அவளைத் தைரியசாலி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அமாவாசை, கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பாள். உச்சிவேளையில் கிணற்றடிக்குக்கூடப் போகமாட்டாள். அந்த நேரத்தில்தான் முனி நடமாடும் என்று அவள் பிறந்த ஊரிலும் சொல்வார்கள், வாழ்க்கைப்பட்ட ஊரிலும் சொல்வார்கள். பனைமர உயரமாம், கண்ணுக்குத் தெரியாதாம். வழியில் நிற்பவரை ஒரே அறை. அறைபட்டவர் ரத்தம் கக்கிச் சாவார்.

தொண்ணூற்று நாலில் அவள் கணவர் தம்பிதுரை தறிக்குடோனை மேற்கே இழுத்துக் கட்டினார். அது முனியப்பன் கோயிலிலிருந்து குளத்துக்கு முனி போய்வரும் தடம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"வந்தா ஒரு தறிய அவருகிட்டக் குடுத்துப்போடலாம். ஆளு கெடைக்காமத்தான கெடக்குது" என்று அவர் சிரித்தார்.

கட்டி முடித்த மாசமே, தறி ஓட்டும் நஞ்சுண்டன் ஒரு மத்தியானம் வெளிறிப்போய் வெளியே வந்தார். பின்னால் யாரோ மூச்சு விட்டார்களாம். அன்றைக்கே காய்ச்சல். கோயில் பூசாரி வந்து பார்த்து, தடத்தை அடைக்கக் கூடாது, எதிரெதிரே இரண்டு கதவு வைத்து உச்சிவேளையில் திறந்துவிடுங்கள் என்றார். தம்பிதுரை முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். நஞ்சுண்டனுக்குக் காய்ச்சல் விட்டது. செல்லாத்தாளுக்குப் பயம் விடவில்லை. கதவு திறந்திருக்கும் நேரம் அந்தப் பக்கமே தலை காட்டமாட்டாள்.

அடுத்த சித்திரையில் மகள் நந்திதா பிரசவத்துக்கு வந்தாள். ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. வீட்டில் மகளைக் காணோம். தேடிப் போன செல்லாத்தாள் குடோன் வாசலிலேயே உறைந்துவிட்டாள். காற்றோட்டமாக இருக்கிறதென்று, இரண்டு கதவுக்கும் நடுவே சிமெண்டுத் தரையில் நிறைவயிற்றோடு தூங்கிக்கொண்டிருந்தாள் நந்திதா.

திடுக்கென்று எழுப்பினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. கோயிலைப் பார்த்த மேற்குக் கதவு லேசாக ஆடியது. தரையில் கிடந்த பஞ்சு உருண்டு உருண்டு மகளை நோக்கி வந்தது.

செல்லாத்தாள் உள்ளே ஓடினாள். மகளுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே உட்கார்ந்து, முந்தானையை ஏந்திப் பிடித்தாள்.

"ஏனுங்க சாமி, புள்ளத்தாச்சி அசந்து தூங்கிட்டாளுங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு கொஞ்சம் சுத்திப் போங்க. அறையறதுன்னா என்னைய அறைஞ்சுபோட்டுப் போங்க."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். முகத்தில் அனல் அடித்தது. மேற்குக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. காற்று நின்றது.

"யாருகிட்டம்மா பேசறே?" நந்திதா தூக்கக் கலக்கத்தில் புரண்டு படுத்தாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, நீ தூங்கு."

உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கதவு மறுபடி திறக்குமோ என்று அதையே பார்த்தபடி இருந்தாள். கரண்ட் வந்து தறிகள் சத்தம் போடும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.