முப்பது வரை

பைப் வேலை செய்கிற அவருக்குத் தெருவில் வைத்த பெயர் 'முப்பது'. பசை தடவிய பிளாஸ்டிக் பைப்பை, எல்போ என்கிற வளைவு இணைப்புக்குள் செருகினால், முப்பது எண்ணி முடிக்கும்வரை பிடியை விடமாட்டார். விட்டால் பைப் மெதுவாக நழுவி வெளியே வந்துவிடுமாம். அதுவரை யார் என்ன கேட்டாலும் பதில் வராது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் சரி.

எண்ணுவது அவரில்லை, அவர் மனைவி. கறுப்பு மார்க்கரோடு வேலைக்குக் கூடவே வருவாள். பசை போட்ட இணைப்புக்கெல்லாம் ஒரு டிக். அவர் மறதி மன்னன் என்பதால் அவள் போட்ட சட்டம் அது. எண்ணுவதில் மட்டும் சரியான கள்ளி.

"பதினொண்ணு, பன்னெண்டு, இருபத்தாறு..."

"ஏய், நடுவுல உள்ளதெல்லாம் எங்கடி?"

"மனசுக்குள்ள எண்ணிட்டேன். கைய எடுங்க, தலையில காக்கா கூடு கட்டிரப் போவுது."

அவள் போய் எட்டு மாதம். நுரையீரல்.

போன வாரம் அவர் வீட்டு அடுப்படியிலேயே ஒழுகல். தொட்டிக்கு மேலே இருக்கும் எல்போ. முதல் நாள் கிண்ணம் வைத்தார், அடுத்த நாள் வாளி. நாலாம் நாள் மகளுக்குப் பொறுக்கவில்லை.

"ஊரு பைப்பெல்லாம் ஒட்டுறீங்க, நம்ம வீட்டுல நீச்சல் கத்துக்கணும் போலிருக்கே! அறுத்துப் போட்டுட்டு வேற மாட்டுங்கப்பா."

அறுக்கத்தான் வேண்டும். ஒருமுறை ஒட்டினதைக் கழற்ற முடியாது, வெட்டி எறியத்தான் முடியும். ஆனால் அந்த எல்போவில் அவள் போட்ட டிக் இருந்தது. மற்றவையெல்லாம் சுவர்ப் பூச்சுக்குள் போய்விட்டன. வெளியே தெரிவது இது ஒன்றுதான். மகளிடம் அதை அவர் சொல்லவில்லை.

வால்வை அடைத்தார். சுவரோடு பைப்பைப் பிடித்திருந்த கிளாம்பைக் கழற்றினார். ரம்பத்தை வைக்க எல்போவைத் தொட்டதும், அது சும்மா கையோடு வந்துவிட்டது.

உள்ளே பார்த்தார். பசையின் தடமே இல்லை. மூன்று வருடமாக அந்தக் கிளாம்புதான் இறுக்கிப் பிடித்துக் காப்பாற்றியிருக்கிறது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த வீட்டுக்குப் பைப் போட்ட அன்று, அளவு பார்க்க வெறுமனே செருகியிருந்தார். அவர் பசை டப்பாவைத் திறப்பதற்குள் அவள் அவசரக்குடுக்கையாக டிக் போட்டுவிட்டாள். உடனே இருமினாள். இருமல் நிற்கவில்லை. டப்பாவை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினார்.

"ஒண்ணுமில்ல, தூசி," என்றாள்.

திரும்பி வந்து பார்த்தார். டிக் இருந்தது. அடுத்த இணைப்புக்குப் போய்விட்டார். அவள் சொன்ன தூசியையும் அப்படியேதான் நம்பினார். அதற்கப்புறம் ஒரு வருடம் அந்த இருமலை அவர் கவனிக்கவே இல்லை.

எல்போவை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் வந்து, டிக்கைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். ரம்பத்தை எடுத்துப் பையில் போட்டாள்.

"துணி தரட்டுமாப்பா?"

ஈரம் துடைத்தார். பசை தடவினார். டிக் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிச் செருகி, அழுத்திப் பிடித்தார். எண்ண ஆளில்லை. எவ்வளவு நேரம் ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை.

பின்னாலிருந்து மகள் ஆரம்பித்தாள். "ஒண்ணு... ரெண்டு..."

பன்னிரண்டு வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பதிமூணு," என்றாள் மகள். "பதினாலு." ஒன்றைக்கூட விடாமல் எண்ணினாள்.