பாப்பா என்று கூப்பிட்டது நான்தான்

எனக்கு எழுபத்தி நாலு வயசு. பெற்றது மூணு, வளர்த்தது ஆறு. மீதி மூணு யாருடையது என்று கேட்பீர்கள். இரண்டு, என் நாத்தனார் விட்டுவிட்டுச் செத்துப்போன பிள்ளைகள். ஆறாவது, நான் வேலை பார்த்த ஆபீஸில் இருந்த ஒரு பெண்ணின் பிள்ளை. அதைப் பகலில் மட்டும்தான் வளர்த்தேன், அதுவும் கேஸ் கட்டு அடுக்கி வைத்த ஒரு ரூமுக்குள்ளே. ஆனாலும் என் கணக்கில் சேர்த்துக்கொள்வேன். நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

எழுத்து எனக்கு அரைகுறைதான். பெரிய 'ற'வுக்கும் சின்ன 'ர'வுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. பேத்தியின் பழைய நோட்டில் பின்பக்கம் காலியாகக் கிடந்தது, அதில் எழுதுகிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. ஆறட்டும். முப்பது வருசமாக வெளியே வராத பேச்சு, இன்னும் நாலு நாள் ஆனால் என்ன.

போன வாரம் கம்பத்துச் சம்பந்தி ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொடுத்து விட்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து கொத்திலிருந்து பழத்தை உதிர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பேத்தி திவ்யா மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மீட்டிங்கில் இருந்தாள். சென்னையில் பெரிய ஆடிட்டிங் கம்பெனியில் வேலை. மாசத்தில் பாதி நாள் தேனியில் இருந்தே பார்க்கலாமாம். இன்றைக்கு என்ன மீட்டிங் என்று கேட்டேன். "கம்பெனியில பொம்பளைகள எப்படி மேல கொண்டு வர்றதுன்னு பேசுறாக அம்மாச்சி" என்றாள்.

நல்ல பேச்சுத்தானே என்று பழத்தை மெல்லாமல் காது கொடுத்தேன். ஒரு ஆம்பளைக் குரல். கெட்ட எண்ணம் இல்லாத குரல், அதையும் சொல்லிவிடுகிறேன். நீளமாக இங்கிலீஷில் பேசிவிட்டுக் கடைசியில் தமிழுக்கு வந்தது. "சரி, இதையெல்லாம் நம்ம பாப்பா எழுதிக்கும். என்ன பாப்பா?" எல்லாரும் சிரித்தார்கள். திவ்யாவும் சிரித்தாள்.

முடிந்ததும் கேட்டேன், "யாரு பாப்பா?"

"நாந்தான். டீமுல சின்னவ. செல்லமாத்தான் கூப்பிடுறாக. விடு அம்மாச்சி."

விடு என்றால் விடுகிற விஷயமாக இருந்தால் நான் ஏன் இந்த நோட்டை எடுக்கிறேன்.

பன்னீர் திராட்சை வாசமும் ஸ்டாம்பு பேடு மை வாசமும் எனக்கு ஒன்றாகத்தான் ஞாபகம் வரும். தேனியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு உரக்கடைக்கு மேலே, மாடியில் வக்கீல் ஆபீஸ். பதினாலு வருசம் அங்கே கூட்டினேன், தண்ணீர் சுமந்தேன், டீ போட்டேன். கேஸ் கொண்டு வருகிற கட்சிக்காரர்களை முகம் பார்க்காமலே, வாசத்தை வைத்து எந்த ஊர் என்று சொல்வேன். போடிக்காரர் சட்டையில் ஏலக்காய். கம்பத்துக்காரர் மேலில் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து. மேகமலை எஸ்டேட் ஆள் இறங்கி வந்தால் ஈரக் கம்பளி. குமாஸ்தா என்னைப் பார்த்து, "ஒன்னைய கோர்ட்டுல மோப்பத்துக்கு வச்சா எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்பார். "சம்பளத்தை ரெண்டாக்குனா வர்றேன்" என்பேன். அங்கே பயப்படாமல் வாய் பேசியவள் நான் ஒருத்திதான் என்று எனக்கு ஒரு பெருமை. அந்த வாயால்தான் வினை.

அந்த ஆபீஸுக்கு முதல் முதலாக ஒரு பெண் வக்கீல் ஜூனியராக வந்தது. கம்பத்துப் பக்கம் ஒரு கிறிஸ்தவ ஊர், அப்பா பள்ளிக்கூடத்து வாத்தியார். இருபத்தி நாலு வயசு. ஒற்றைச் சடை. கறுப்புக் கோட்டு உடம்பைவிட ஒரு சுற்றுப் பெரிசு. வாசலில் நின்று, "அக்கா, நான் எங்கன உக்காரணும்?" என்று என்னைத்தான் கேட்டது. ஆள் வருகிறது என்று தெரிந்தும் யாரும் நாற்காலி போட்டிருக்கவில்லை. டீப் பாத்திரம் வைக்கிற ஸ்டூலைத் துடைத்து இழுத்துப் போட்டேன். "இங்கன உக்காரு பாப்பா" என்றேன்.

அதுதான் முதல் தடவை. அன்பில் சொன்னது. என் மூத்த மகளுக்கும் அதற்கும் அஞ்சு வயசுதான் வித்தியாசம்.

மறுநாள் குமாஸ்தா, "பாப்பாகிட்ட அந்தக் கேஸ் கட்டக் குடு" என்றார். அடுத்த வாரம் பெரிய வக்கீலே, "பாப்பாவ வரச் சொல்லு" என்றார்கள். மூணு மாசத்தில் ஆபீஸில் அதற்குப் பேரே இல்லாமல் போனது.

ஒரு வருசம் கழித்து இன்னொரு ஜூனியர் வந்தார், பையன். பாப்பாவைவிட ஒரு வயசு இளையவர். மீசை அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. அவருக்கும் கோட்டு பெரிசுதான். அவரைப் பார்த்ததும் நான் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றேன். சாயங்காலத்துக்குள் குமாஸ்தா அவருக்குச் 'சின்ன வக்கீல்' என்று பேர் வைத்துவிட்டார். யாரும் யோசித்து வைத்த பேர்கள் இல்லை. இரண்டுக்கும் அர்த்தம் சின்னது என்றுதான். ஆனால் சின்ன வக்கீல் ஒருநாள் பெரிய வக்கீல் ஆகலாம். பாப்பா என்ன ஆகும்? இது எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது டீ ஆறிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

வேலையும் பேரைப் பார்த்தே பிரிந்தது. வாய்தா வாங்குவது, அதாவது கேஸை இன்னொரு தேதிக்குத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்பது, பாப்பா வேலை. எழுந்து நின்று வாதாடுவது சின்ன வக்கீல் வேலை. எவளாவது புருஷனிடம் அடி வாங்கி அழுதுகொண்டு வந்தால், "பாப்பா ரூமுக்கு அனுப்பு." நிலம், தண்ணீர், தோட்டம் என்றால் வேறு மேஜை.

பாப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. பிள்ளை பிறந்து மூணாம் மாசம் கையில் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்துவிட்டது. குமாஸ்தா உச்சுக்கொட்டினார். "கட்டு ரூமு சும்மாதான கெடக்கு" என்று நான் என் பழைய சேலையை இரண்டு அலமாரிக்கும் நடுவே தொட்டிலாகக் கட்டினேன். கால் பெருவிரலில் கயிறு மாட்டி ஆட்டிக்கொண்டே பாப்பா எழுதும். டைப் மிஷின் சத்தத்துக்குத் தூங்கிப் பழகிய பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தூங்கவே மாட்டேன் என்கிறது என்று பாப்பா சொல்லிச் சிரிக்கும். பாப்பா கோர்ட்டுக்குப் போனால் பிள்ளை என் இடுப்பில். ஒரு பொம்பளை வக்கீலாக நிற்கிறது என்றால் அதில் பாதி என்னால் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் வாய்க்கால் கேஸ் வந்தது.

கம்பத்தில் ஒரு பெரியவர், திராட்சைத் தோட்டக்காரர். மேல்தோட்டத்துக்காரன் வாய்க்காலை மறித்துவிட்டான், கொடி காய்கிறது. பாப்பா பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு மூணு நாள் அந்த வாய்க்காலைத் தலையில் இருந்து கடைசி வரை நடந்தது. முழங்கால் வரை சேற்றோடு பஸ்ஸில் வந்து இறங்கும். எந்த மடை யார் தோட்டத்துக்குப் பாய்கிறது என்று ஒரு பெரிய தாளில் படம் போட்டது. பெரிய வக்கீல் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்கள். "இத நீயே வாதாடு" என்றார்கள். கூடவே ஒன்று சொன்னார்கள். "எனக்குக் கண்ணு மங்குது. இந்தக் கேஸ் முடியட்டும், வாசல் போர்டுல எம் பேருக்குக் கீழ இன்னொரு பேர் எழுதணும்னு இருக்கேன்."

அது இரண்டு ஜூனியருக்கும் கேட்டது. டீ டம்ளரோடு நின்ற எனக்கும் கேட்டது.

கேஸுக்கு முந்தின வாரம் பெரிய வக்கீல் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போய்விட்டார்கள். விசாரணைக்கு முதல் நாள் காலையில் கம்பத்துப் பெரியவர் வந்தார். குமாஸ்தா இல்லை. பாப்பா உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. டீ கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"நாளைக்கு உத்தமபாளையம் கோர்ட்டுல நமக்கு யாரும்மா நிக்கிறது?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். "நம்ம பாப்பாதான். வேற யாரு."

"பாப்பாவா? எந்தப் பாப்பா?"

"அதான், உள்ள இருக்குல்ல, நம்ம பாப்பா."

அவர் எட்டிப் பார்த்தார். தொட்டில் தெரிந்திருக்கும், சேலை மூடிய தோள் தெரிந்திருக்கும். டம்ளரைப் பாதியில் கீழே வைத்தார்.

"ஏத்தா, எங்க பாட்டன் காலத்துத் தண்ணி. அதக் கொண்டுபோயி ஒரு பாப்பா கையில குடுக்கச் சொல்றீகளா?"

"இல்லய்யா, பெரிய கெட்டிக்காரி. எல்லாம் படிச்சிருக்கு, வாய்க்காலு பூராம் நடந்து பாத்திருக்கு."

படிச்சிருக்கு என்றுதான் சொன்னேன். மரியாதையாகப் படிச்சிருக்காக என்று என் வாயில் வரவில்லை. சின்ன வக்கீலைப் பற்றிக் கேட்டிருந்தால் தானாக வந்திருக்கும்.

குமாஸ்தா வந்ததும் பெரியவர் பிடித்துக்கொண்டார். சின்ன வக்கீல் நிற்கட்டும், இல்லையென்றால் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். குமாஸ்தா மதுரைக்குப் போன் போட்டார். கட்சிக்காரர் மனசுப்படி செய்யுங்கள் என்று பதில் வந்தது. பாப்பா அந்தத் தாளை மேஜையில் விரித்து, அன்றைக்குப் பொழுது சாயும்வரை சின்ன வக்கீலுக்கு மடை மடையாகச் சொல்லிக்கொடுத்தது. அவர் இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னார், திருத்தியது. நான் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.

கேஸ் ஜெயித்தது. பெரியவர் ஒரு பெட்டி பன்னீர் திராட்சையோடு படி ஏறி வந்தார். சின்ன வக்கீல் கையில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, "உள்ள பாப்பாவுக்கும் ஒரு கொத்துக் குடுங்க, பால் குடுக்கிற புள்ள" என்றார். நல்ல மனுசன். அவரையும் நான் குறை சொல்லவில்லை.

பத்து நாளில் போர்டு எழுதுகிறவர் வந்தார். மாடி முழுக்கப் பெயிண்டு வாசம். பெரிய வக்கீல் பேருக்குக் கீழே சின்ன வக்கீல் பேர் ஏறியது. பாப்பா படியில் நின்று போர்டை வாசித்தது. உள்ளே வந்து நாலு மணி வரைக்கும் எப்போதும் போல வேலை பார்த்தது. பிறகு தொட்டிலை அவிழ்த்துச் சேலையை மடித்து என்னிடம் கொடுத்தது.

"அக்கா, எம் பேரு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். முதல் நாள் சொல்லிக் கேட்டிருந்தேன். ஆறு வருசத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாததால் நாக்கில் வரவில்லை. "என்ன பாப்பா இப்படிக் கேக்குற" என்றேன்.

சிரித்தது. "சரிக்கா, வர்றேன்."

வரவில்லை. கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குப் போய்விட்டதாகக் குமாஸ்தா சொன்னார். அந்தக் கறுப்புக் கோட்டை என்ன செய்தது என்று தெரியாது. பெரியவரிடம் நான் சொன்னதை நான் அதனிடம் சொல்லவே இல்லை. ஆனால் அன்றைக்கு அது உட்கார்ந்திருந்த ரூமின் கதவு திறந்துதான் இருந்தது.

பிற்பாடு என் மகள் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஒருநாள் கட்டு ரூமில் தூசி தட்டும்போது அந்த வாய்க்கால் தாள் விரிந்து விழுந்தது. ஓரத்தில் ஒரு கையெழுத்து. முதல் எழுத்து எனக்குப் பிடிபடவில்லை, அதுவரை அதைப் படிக்க வேண்டி வந்ததில்லை. கூட்டுமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். ஜெ. சி. ந். தா. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ரூமில் யாரும் இல்லை.

இப்போது அந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். பெரிய வக்கீலும் குமாஸ்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். திராட்சைத் தோட்டம் பிளாட்டுக் கல் நட்டுக் கிடக்கிறது, வாய்க்காலில் பிளாஸ்டிக் பை. சின்ன வக்கீலுக்கு இன்று சொந்தக் கட்டடம், பத்து ஜூனியர். ஒரு கல்யாணத்தில் பார்த்து, "அந்தப் பாப்பா இப்ப எங்க இருக்கு?" என்று என்னையே கேட்டார். எல்லாம் போய்விட்டது. நான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டுச் சொன்ன அந்த ஒரு சொல்தான் போகவில்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயும் போய் உட்கார்ந்திருக்கிறது.

திவ்யா, இங்கன வா. இத எனக்கு வாசிச்சுக் காட்டு. அந்த வக்கீல் வர்ற எடத்துல எல்லாம் பாப்பான்னு எழுதிட்டேன், கை அப்படிப் பழகிப்போச்சு. அத வக்கீல் ஜெசிந்தான்னு வாசி. 'வந்தது', 'சொன்னது', 'நடந்தது'ன்னு எழுதியிருந்தா வந்தாக, சொன்னாக, நடந்தாகன்னு வாசி. மொதல்ல இருந்து வாசி, நான் காதால கேக்கணும். அந்த மீட்டிங்குல ஒரு பாப்பா வருதுல்ல, அத மட்டும் என்ன செய்யணும்னு நீ முடிவு பண்ணிக்க.