கிரேஸின் வெள்ளிக்கிழமைப் பட்டினி

பாதிக் காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மீதிக் காலம் ராஜபாளையத்திலும் சபை ஊழியக்காரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு வீடாகப் போவது, ஜெபிப்பது, பெண்களுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பது, இவைதான் என் வேலை. புதிதாக இந்த ஊழியத்துக்கு வருகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். தேன் தடவிப் பேச எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்துக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே ஒரு நூல் மில்லிலிருந்து போன் வந்தது. "உங்க சபைப் பொண்ணு கிரேஸ் ரிங் பிரேம் மிஷின் பக்கத்துல மயங்கி விழுந்துட்டா. வீட்டுக்காரர் மிலிட்டரியில இருக்காராம். வேற ஆளு இல்ல. வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார் சூப்பர்வைசர்.

ஓடினேன். ஓடுகிற மிஷினுக்கு ஒரு கை தூரத்தில் விழுந்திருக்கிறாள். தலைமுடி சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சூப்பர்வைசர் முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்: "இன்னொரு தடவை விழுந்தா வேலைக்கு வரவேண்டாம். இவ உசுருக்கு நான் பதில் சொல்ல முடியாது."

ஆஸ்பத்திரியில் ரத்தம் ரொம்பக் கம்மி என்றார்கள். ஆட்டோவில் திரும்பும்போது விசாரித்தேன். வெள்ளிக்கிழமை முழுப் பட்டினியாம். போதாது என்று இப்போது புதன்கிழமையையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எதுக்குட்டி இது?"

"எங்கம்மா சோழபுரத்துல சாகக் கெடந்தப்ப நான் ஷிப்டுல நின்னேன்க்கா. போனு லாக்கர்ல இருந்துச்சு. வெளிய வந்து பாத்தா எம்புட்டு மிஸ்டு கால்! போய்ச் சேருறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஆண்டவர் என்னைய மன்னிக்கணும்லா?"

"அவரு எப்பவோ மன்னிச்சாச்சு."

"அம்புட்டு லேசாவா?" என்றாள்.

அந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. விடுவேனா? தினமும் அவள் வீட்டுக்குப் போனேன். "முதலாளி வேற, தகப்பன் வேற. முதலாளி வேலையைப் பாத்துட்டுத்தான் கூலி கொடுப்பான். கிறிஸ்து நம்மள விடுதலை பண்ணி, கடவுளை அப்பான்னு கூப்பிட வச்சிருக்காரு. நீ அடிமை இல்லட்டி, பிள்ளை" என்று படித்துப் படித்துச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டுவாள். வெள்ளிக்கிழமை வந்தால் பழையபடி பட்டினி.

தூக்குவாளியில் கஞ்சியோடு மில் கேட்டில் போய் நின்றேன். அவள் அதை வாங்கி அப்படியே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாள். வாரா வாரம் இதே கதை. வாட்ச்மேன் உடம்பு தேறியதுதான் மிச்சம்!

"கொஞ்சம் விட்டுப் பிடிங்கம்மா" என்றார் எங்கள் சபை ஆயர்.

"விட்டா மிஷின்ல விழுந்துருவா ஐயா" என்றேன்.

மறு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கஞ்சியை அவள் வீட்டுக்கே கொண்டுபோனேன். மில் வேனை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள் கிரேஸ். அவள் மகள் ஜெனி ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா ஷிப்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டுக்காரம்மாதான் பார்த்துக்கொள்வார். அந்த அம்மா வாசலிலேயே மறித்தார்.

"உம் மகளுக்கு என்னாச்சுன்னு கேளு. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்திருக்கு. வந்ததுல இருந்து பச்சத்தண்ணி குடிக்கல."

ஜெனி உதடு காய்ந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். கிரேஸ் பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி, ஏன் சாப்பிடல? வயிறு வலிக்கா?"

"நீ போன பொறவு எண்ணெய்ப் பாட்டிலைக் கவுத்துட்டேன்மா. எல்லாம் கொட்டிருச்சு."

"அதுக்கு?"

"சாப்பிடாம இருந்தாத்தான மன்னிப்ப? நாளைக்கும் சாப்பிட மாட்டேன்."

கிரேஸ் பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு கத்தினாள். "நான் கேட்டேனாட்டி? பட்டினி கெடன்னு நான் கேட்டேனா? நீ எதைக் கொட்டுனாலும் எதை ஒடச்சாலும் எம் பிள்ளைட்டி! எம் பிள்ளை பட்டினி கெடந்தா எனக்கு எப்படி..."

பிள்ளையின் காய்ந்த உதட்டை முந்தானையால் துடைத்தாள்.

எனக்கு ஒரு முழுப் பிரசங்கமே நாக்கு நுனியில் நின்றது. ஆண்டவர் புண்ணியத்தில் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடியே கிரேஸ் என்னைப் பார்த்து, "அக்கா, ஆண்டவரும் என்னைய இப்படித்தான் பாக்காரா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஏங்கி ஏங்கி அழுதாள். எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கஞ்சி ஆறுது. குடிச்சிட்டு அவர்ட்டயே கேளு" என்றேன்.

ஜெனி ஒரு வாய் குடித்தாள். அடுத்த வாயை அம்மாவுக்கு நீட்டினாள். கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்தாள்.

உபவாசம் தப்பு என்று நான் சொல்லவில்லை, நானும் இருக்கிறவள்தான். ஆனால் மன்னிப்பை வாங்குவதற்காக வயிற்றைக் காயப்போடுகிற ஆளைப் பார்த்தால் விடாதீர்கள். கோபப்படுவார்கள், கதவைச் சாத்துவார்கள். மறுநாளும் போங்கள். தாங்கள் அந்தத் தகப்பன் வீட்டுப் பிள்ளைகள் என்று அவர்களுக்கே உறைக்கும்வரை போய்க்கொண்டே இருங்கள்.