மழையில் ஏர்போர்ட் போனவர்

வளைகுடாவின் தொழிற்பேட்டையான முசஃபாவில் அன்று காலை பெய்த மழையில் சாலை குளமாகிவிட்டது. என் காரும் பாதியில் நின்றுபோனது. வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் சைக்கிளில் வந்தார். கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைகளுக்கும் ஓட்டை போட்டு மாட்டியிருந்தார். ஒவ்வொரு காரைத் தாண்டும்போதும் மறக்காமல் மணி அடித்தார்.

தமிழர் போலத் தெரிந்ததால் கண்ணாடியை இறக்கிக் கேட்டேன். "இந்த மழைல எங்கண்ணே?"

"ஏர்போர்ட்டுக்கு. லேபர் கேம்ப்புக்கு வண்டி வரல. மக பொறந்து நடக்கவே ஆரம்பிச்சிட்டா, நான் இன்னும் பாக்கல."

"பெட்டி?"

"ரூம்லயே கெடக்கட்டும். பாஸ்போர்ட் இருக்கு, போதும்."

"ஃபிளைட் கெளம்புமான்னே தெரியலையே."

"அது லேட்டா கெளம்பட்டும். நான் லேட்டாயிரக் கூடாதுல்ல" என்று சிரித்தார்.

போய்ச் சேர்ந்ததும் சொல்லச் சொல்லி என் நம்பரைக் கொடுத்தேன். பெடல் முழுகும் தண்ணீரில் அவர் மிதித்துப் போனார். பக்கத்து லாரிக்காரர் "யல்லா பாய், யல்லா" என்று உற்சாகப்படுத்திக் கத்த, நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன.

மறுநாள் திருச்சியிலிருந்து ஒரு படம் வந்தது. அவர் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தை இரண்டு கைகளாலும் அவர் முடியைப் பிடித்திருந்தது. அத்தனை தூரம், அந்தத் தண்ணீரில் எப்படி மிதித்தார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். என் போனில் அவர் இன்னும் 'சைக்கிள்காரர்'தான்.