தரையை நம்பிப் போட்ட கோடு

நான் சுவரில் எழுதுகிறவன். ஐந்தாவது வரை படித்தேன். கடைப் பெயர், கல்யாண வாழ்த்து, கட்சிச் சின்னம் எல்லாம் எழுதுவேன். வருஷக் கடைசியில் மலைக்கோயில் படித் திருவிழா வரும்போது படியோரச் சுவர்களுக்குக் காவியும் சுண்ணாம்பும் அடித்திருக்கிறேன்.

என் மனைவி வீட்டில் நெய்வாள். குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு, குழியின் விளிம்பில் உட்கார்ந்து நெய்ய வேண்டும். தறியில் ஏற்றும் பாவு நூல் பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும். லுங்கியாகத் திரும்பிப் போகும்.

ரோட்டிலிருந்து ஐந்தாவது வீடு எங்களுடையது. ரோட்டிலிருந்து எங்கள் வீடு வரை இறக்கம். நடந்தால் தெரியாது. தெருவுக்கு வரும் மழைத் தண்ணீர், தரையை விட ஆழமாக வெட்டிய கால்வாயில் ஓடி, ரோட்டுக்கு அடியில் இருக்கும் சிறுபாலத்தில் நுழைந்து, நந்தி ஆற்றுப் பக்கம் போய்விடும். தொண்ணூறுகளில் அப்படித்தான் போனது.

பிறகு ரோட்டின் மேலேயே ரோடு போட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சாண் உயர்ந்தது. மழையும் மாறியது. முன்பு ஐப்பசி முழுக்கத் தூறும். இப்போது இருபது நாள் வெயில் காயும், இரண்டு நாள் கொட்டும்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு ஐப்பசியில் தறிக்குழி நிறைந்தது. பாவில் இருந்த கஞ்சி கரைந்து நூல் ஒட்டிக்கொண்டது. சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கியது. அடுத்த வருஷமும் அதுவே நடந்தது. பாவு கொடுப்பவர் நேரில் வந்து பார்த்தார்.

"இன்னொரு வாட்டி நனைஞ்சா பாவு குடுக்கமாட்டேன்மா. தப்பா நெனச்சிக்காத."

அவளுக்கு வேறு வேலை தெரியாது.

அந்த வருஷம் நகராட்சியில் ஊர் முழுக்க மழைநீர் சேமிப்பு வாசகம் எழுதச் சொன்னார்கள். வேலையைப் பார்க்க ஒரு இளம் பெண் இஞ்சினியர் வந்தார். எங்கள் தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வாசகம் இருக்கட்டும்ணா. தண்ணி எதுவரைக்கும் நிக்கும்னு சுவத்துல ஒரு கோடு போடுங்க. ஜனங்க பாக்கட்டும்."

"எவ்ளோ ஒசரம் மேடம்?"

"உங்க வீட்டுல நாலடி."

அவர் வேறு தெருவுக்குப் போனார். நான் வேலையைத் தொடங்கினேன். சுவரில் பட்டை அடிக்கும்போது தரையிலிருந்து அளப்பதுதான் எங்கள் தொழில் வழக்கம். குச்சியை நட்டு, நாலடிக்குப் புள்ளி வைத்து, நூல் பிடித்துக் கோடு போட்டேன். எங்கள் வீட்டிலிருந்து ரோட்டு முனையில் இருக்கும் டீக்கடை வரை எல்லாச் சுவரிலும் நாலடி. நீலம். பார்க்க நன்றாக இருந்தது.

டீக்கடை என் மச்சானுடையது. மனைவியின் தம்பி. அக்கா புருஷன் என்று என்னைப் பாவா என்பான். கடை ரோட்டு மட்டத்தில் இருந்தது. பின்பக்கம் ஓர் அறை கட்டியிருந்தான். அந்த அறைக்காகச் சிறுபாலத்தின் வாயில் கல்லும் மண்ணும் கொட்டி அடைத்திருந்தான். தண்ணீர் போகாததற்கு அது ஒரு காரணம். நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை.

கோட்டைப் பார்த்ததும் சிரித்தான்.

"இன்னா பாவா, என் கடைல நெஞ்சளவு தண்ணியா? அப்ப ரயில்வே ஸ்டேசனுக்கு படகுதான் வுடணும்."

டீ குடித்தவர்களும் சிரித்தார்கள். ஒருவர், "அந்தக் கோட்டுக்கு மேல கொக்கு வரைப்பா" என்றார். தெருவில் யாரும் அதை நம்பவில்லை. நம்பும்படி நான் போடவும் இல்லை.

மறுநாள் இஞ்சினியரம்மா வந்தார். கோட்டைத் தெரு நீளத்துக்கும் பார்த்தார்.

"தரையிலேர்ந்து அளந்தீங்களா?"

"ஆங். வேற எங்கேர்ந்து அளக்குறது?"

"தரை எறங்குதுண்ணா. தண்ணி தரையோட எறங்காது. சமமா நிக்கும்."

பையிலிருந்து கண்ணாடி போலத் தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூபை எடுத்தார். தண்ணீர் ஊற்றினார். ஒரு முனையை டீக்கடைத் தரையில் பிடித்துக்கொண்டார். மறு முனையோடு என்னைத் தெருவில் இறங்கச் சொன்னார். கடைக்குப் பக்கத்து வீட்டில் டியூபில் இருந்த தண்ணீர் என் கணுக்காலுக்கு மேல் நின்றது. மூன்றாவது வீட்டில் தொடைக்கு வந்தது. எங்கள் வீட்டில் நெஞ்சில் நின்றது. நான் அசையவில்லை. தண்ணீரும் அசையவில்லை.

"ரோட்டைத் தாண்டணும்னா தண்ணி இவ்ளோ ஏறணும். அடைச்ச வாய் தொறந்தா ஏறவே ஏறாது. இனிமே மழை இப்டித்தான் கொட்டும்ணா" என்றார்.

பழைய கோட்டை அழித்தேன். அதற்கு அரை நாள். புதுக்கோடு போட ஒரு நாள். டீக்கடைத் தரையில் தொடங்கினேன். வாசலோடு நிறுத்த மனசு வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் கொண்டுபோய், தறிக்குப் பின்னால் இருந்த சுவரிலும் போட்டேன்.

மச்சான் கடையிலிருந்து பார்த்தான்.

"பாவா, கோடு கோணலா ஏறிக்கினே போவுது. கண்ணு சரியில்லயா?"

"கோடு நேராத்தான் கீது. நடந்து பாரு."

டீ கிளாஸோடு இறங்கினான். ஒரு கையைக் கோட்டில் வைத்துக்கொண்டே வந்தான். முதலில் குனிந்து வந்தான். பிறகு நிமிர்ந்தான். எங்கள் வாசலில் அவன் கை நெஞ்சுக்கு நேராக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தான்.

அவன் அக்கா தறியில் உட்கார்ந்திருந்தாள். கோடு அவள் தலைக்கு மேலே போனது.

"இன்னாடா பாக்குற?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

"டீ எனக்கா?"

பாதி குடித்த கிளாஸை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். புதன்கிழமை கடையை மூடிவிட்டுப் பின்னறைத் தரையை உடைத்தான். நான் கடப்பாறை எடுத்துக்கொண்டு போனேன். தெருக்காரர்கள் கூடையோடு வந்தார்கள். மூன்று நாளில் பாலத்தின் மறுபக்க வெளிச்சம் தெரிந்தது. அறை இருந்த இடத்தில் பலகை போட்டு பெஞ்சு வைத்துக்கொண்டான்.

ஐப்பசியில் இரண்டு நாள் கொட்டியது. தெருவில் தண்ணீர் ஓடியது. என் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே நின்றது, பிறகு இறங்கியது. வாசலில் நாங்கள் அடுக்கியிருந்த மண்மூட்டை தண்ணீரைத் தடுத்தது. குழியின் அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம். அவள் கீழே சாக்கு விரித்துவிட்டு மிதிக்கட்டையை மிதித்து நெய்தாள். பாவு நனையவில்லை.

சில வருஷம் கழித்து மறுபடி ரோடு போட வந்தார்கள். மச்சான் கடையை விட்டு இறங்கி, தார் வண்டிக்கு முன்னால் நின்றான். சுவரைக் காட்டினான்.

"அந்தக் கோடு தெரியுதா? பழசைச் சொரண்டிட்டுப் போடுங்க. எங்க அக்கா தறி கீது அங்க."

சுரண்டிவிட்டுத்தான் போட்டார்கள். ரோடு உயரவில்லை. கோட்டை உயர்த்த வேண்டிய வேலை எனக்கு வரவில்லை. நிறம் மங்கினால் புரட்டாசியில் ஒரு பூச்சு கொடுப்பேன். உள்ளே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.